அப்பாவா வருவாரே, அவரு

"ரவிச்சந்திரன் நம்ம ஊரு ஆளு, தெரியுமா?"

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலோ கிள்ளான் கல்யாண மண்டபத்திலோ பழைய படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிரும். உண்மைதானே. கோலாலம்பூரில் பிறந்தவர், படிக்கத் திருச்சிக்குப் போனவர், 1964-இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் அறிமுகமாகி முதல் படத்திலேயே நட்சத்திரம் ஆனவர். அடுத்த சில ஆண்டுகளில் 'இதயக் கமலம்', 'குமரிப் பெண்', 'அதே கண்கள்', 'நான்', 'மூன்றெழுத்து' என்று வரிசையாக வந்தன. பெருமைப்பட வேண்டிய பட்டியல்தான்.

அந்தப் பெருமையோடு எனக்குச் சண்டை இல்லை. அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதில்தான் சண்டை. 'மூன்றெழுத்து' வந்தது 1968-இல். ரவிச்சந்திரன் இறந்தது 2011 ஜூலையில். நடுவில் நாற்பது வருடத்துக்கும் மேல் கிடக்கிறது. அதன் பின்பாதியில் அவர் நாயகன் கிடையாது. வில்லன், அப்பா, ஊர்ப் பெரிய மனிதர் என்று இரண்டாம் வரிசையில் நின்று நடித்துச் சம்பாதித்தவர். இந்த இரண்டாவது வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதுக்கப்புறம் மார்க்கெட் போயிடுச்சுப்பா" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள்.

மார்க்கெட் போனபிறகு வந்த படம்தான் 'ஊமை விழிகள்'. 1986. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்தது. ஆபாவாணன் எழுத்து, ஆர். அரவிந்தராஜ் இயக்கம். விஜயகாந்த், ஜெய்சங்கர், அருண்பாண்டியன், சந்திரசேகர், கார்த்திக் என்று முகங்கள் நிறைந்த படம். அதில் பி.ஆர்.கே. என்ற வில்லனாக ரவிச்சந்திரன் வருகிறார். மரத்தைச் சுற்றி ஓடிய அந்தப் பழைய இளைஞனின் துள்ளல் ஒரு துளிகூட மிச்சமில்லை. உடம்பு கனத்திருக்கிறது, நடை மெதுவாகியிருக்கிறது, மெதுவாகப் பார்க்கிறார். அந்த மெதுவே பயமுறுத்துகிறது. இருபது வருடம் முன்னால் நாயகனாக இருந்தவரின் முகத்தை நாம் ஏற்கெனவே நம்பிப் பழகிவிட்டோம். அந்த நம்பிக்கையை எடுத்து அவர் நமக்கு எதிராகவே பயன்படுத்துகிறார். நடிகனாக அவர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். 'நம்ம ஊரு ஆளு' என்று சொல்கிறவர்கள் யாரும் இந்தப் படத்தை முன்னால் வைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன்? நமக்குச் சினிமா என்றால் நாயகன். நாயகனாக இருக்கிற வரைக்கும் நம்ம ஊரு. துணை நடிகர் ஆனதும் ஊர் பேர் எல்லாம் போய்விடுகிறது.

இந்த வேலைக்குத் தமிழில் ஒழுங்கான ஒரு பெயர்கூட இல்லை. கோடம்பாக்கத்தில் 'துணை நடிகர்' என்றால் பெரும்பாலும் கூட்டத்தில் நிற்கிற தினக்கூலிக்காரர். கொஞ்சம் வசனமும் ஒரு அழுகைக் காட்சியும் கிடைத்தால் 'குணச்சித்திர நடிகர்'. சிரிக்க வைத்தால் காமெடியன். நம் ஊரில் இத்தனை பிரிவுகூடக் கிடையாது. "அப்பாவா வருவாரே, அவரு." "அந்த குண்டா இருப்பாங்களே, மாமியாரா நடிச்சவங்க." வானவில்லில் வருஷம் முழுக்க முகத்தைப் பார்க்கிறோம், தீபாவளி டெலிமூவியில் பார்க்கிறோம், டி.வி.2-இல் பார்த்து வளர்ந்தோம். ரெஸ்டாரண்டில் எதிரே உட்கார்ந்திருந்தால் விரலைக் காட்டிக் கிசுகிசுக்கிறோம். பெயர் மட்டும் வாயில் வருவதில்லை.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு விநோதம் என்று தெரிய வேண்டும். ஒரு நாவலில் கிராணியாரின் மனைவி இரண்டே பக்கம் வந்தாலும், அவள் பேசுகிற விதத்தை வைத்துத்தான் எழுத்தாளனுக்குக் கை இருக்கிறதா என்று கணக்கிடுகிறோம். நாயகனைச் சுமாரான எழுத்தாளனும் எழுதிவிடுவான். தண்டல் லயத்துக்கு முன்னால் வந்து நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற காட்சியில்தான் குட்டு வெளிப்படும். இப்படி வாசிக்கத் தெரிந்த அதே ஆட்கள் தியேட்டருக்குள் போனதும், நாயகன், நாயகி, இயக்குநர், கதை என்று நான்கு சொல்லில் படத்தை முடித்துவிடுகிறோம்.

'காதலிக்க நேரமில்லை'க்கே திரும்பிப் போவோம். கோலாலம்பூர் பையன் நாயகனாக நடித்த அந்தப் படத்தில் இன்றைக்கும் ஊருக்கே தெரிந்த காட்சி எது? நாகேஷ் தான் எடுக்கப்போகும் படத்தின் கதையை டி.எஸ். பாலையாவுக்குச் சொல்கிற காட்சி. ரவிச்சந்திரனும் முத்துராமனும் செய்த காதலை மறந்தவர்களுக்குக்கூட 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' ஞாபகம் இருக்கும். அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். கதை சொல்வது நாகேஷ்தான், ஆனால் பாதி வேலையைச் செய்கிறவர் பாலையா. அவர் செய்வதெல்லாம் கேட்பது மட்டும். கேட்கக் கேட்க முகம் வெளிறுகிறது, கை தடுமாறுகிறது, நாற்காலியில் உடம்பு சுருங்குகிறது. அவர் பயப்படாமல் போயிருந்தால் நாகேஷ் சொல்வது வெறும் சத்தமாகப் போயிருக்கும். துணை நடிப்பின் இலக்கணமே இதுதான்: எதிராளி சொல்வது உண்மை என்று நம்மை நம்பவைப்பது.

இந்தியாவிலேயே இதைப் புரிந்துகொள்ள நாளாயிற்று. துணை நடிகருக்கென்று தேசிய விருது கொடுக்க ஆரம்பித்ததே 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். நாகேஷுக்கு அது கிடைத்தது 'நம்மவர்' படத்துக்காக, 1994. 'காதலிக்க நேரமில்லை' வந்து முப்பது வருடம் கழித்து. பாலையா 1972-லேயே போய்விட்டார். தாமதமாக என்றாலும் அங்கே ஒரு வரிசை உருவாகியிருக்கிறது. 'இருவர்' பிரகாஷ் ராஜ், 'மைனா' தம்பி ராமையா, 'விசாரணை' சமுத்திரக்கனி என்று பெயரும் படமும் சேர்த்துச் சொல்ல முடிகிறது. நம் நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கு அப்படி ஐந்து பெயரைப் படத்தோடும் பாத்திரத்தோடும் சேர்த்து உங்களால் சொல்ல முடியுமா? இப்போதே, போனை எடுக்காமல்.

"பெயரைத் தெரிந்துகொள்வதில் என்ன இருக்கு, மரியாதைக்குச் சொல்றீங்களா" என்று கேட்கலாம். மரியாதை பிறகு. முதலில் இது மொழிப் பிரச்சினை.

ஒரு படத்தில் ஊர் எங்கே இருக்கிறது? நாயகனிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. நாயகன் எந்த ஊரிலும் விலைபோக வேண்டும், அதனால் ஊரைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அவனைத் திரையில் நிறுத்துவார்கள். 1964-இல் ரவிச்சந்திரன் பேசுவதில் கோலாலம்பூர் எங்காவது கேட்கிறதா? கேட்காது. கேட்டிருந்தால் அவரை அந்தப் பாத்திரத்துக்கு எடுத்திருக்கமாட்டார்கள். ஊர் இருப்பது கடைக்காரரிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம், குடித்துவிட்டு வரும் மாமாவிடம். பிரம்பை 'ரோத்தான்' என்றும் ரப்பர் மரத்தைக் 'கித்தா மரம்' என்றும் யோசிக்காமல் சொல்கிற வாய் அவர்களுடையது. வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'லா' தானாக வந்து ஒட்டிக்கொள்கிற வாய். மலேசியத் தமிழ் என்று ஒன்று திரையில் உயிரோடு இருக்கிறது என்றால், அது துணை நடிகர்களின் நாக்கில்தான் இருக்கிறது. அவர்களைத் தொலைத்தால் நாம் தொலைப்பது சில முகங்களை மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இதற்கு 'கபாலி'யைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2016 ஜூலையில் வந்த படம். நம் மண், நம் தோட்டத்து வரலாறு, நம் பையன்களின் குண்டர் கும்பல் பிரச்சினை. முதல் காட்சிக்கு இரவெல்லாம் விழித்திருந்து போய்ப் பார்த்தோம். எனக்கு இப்போது அதன் நடிகர் பட்டியலை மட்டும் பேச வேண்டும். கபாலி ரஜினிகாந்த். சரி, அதில் கேள்வியே இல்லை. குமுதவல்லி ராதிகா ஆப்தே. யோகி தன்ஷிகா. ஜீவா தினேஷ். தமிழ்க் குமரன் கலையரசன். மீனா ரித்விகா. அமீர் ஜான் விஜய். வீரசேகரன் கிஷோர். தமிழ்நேசன் நாசர். இந்தப் பட்டியலில் உள்ள ஒருவரும் மலேசியர் இல்லை. மலாய்க்காரப் பாத்திரங்களுக்கு யாரைப் போட்டார்கள்? ரொஸ்யாம் நோர், நோர்மன் ஹக்கிம் போன்ற மலேசிய மலாய் நடிகர்களை. சீனத் தலைவனுக்குத் தைவானிலிருந்து வின்ஸ்டன் சாவோவைக் கூட்டிவந்தார்கள். அதாவது மலாய்க்காரராக நடிக்க மலாய்க்காரர் வேண்டும், சீனராக நடிக்கச் சீனர் வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. மலேசியத் தமிழராக நடிக்க மட்டும் மலேசியத் தமிழர் வேண்டியதில்லை! தமிழ் தெரிந்த யாராக இருந்தாலும் போதும். நம்ம ஆட்கள் சிலர் சின்னச் சின்னக் காட்சிகளில் வந்தார்கள். கதையைத் தாங்குகிற தோள் ஒன்றுகூட நம்முடையது இல்லை.

பா. ரஞ்சித்துக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது. இரண்டு வருடம் முன்னால் 'மெட்ராஸ்' எடுத்தவர் அவர். அந்தப் படம் நிற்பதே கார்த்தியைச் சுற்றி இருக்கிறவர்களால்தான். அன்புவாக வந்த கலையரசன், மேரியாக வந்த ரித்விகா, ஜானியாக வந்த ஹரிகிருஷ்ணன். வடசென்னை அந்தப் படத்துக்குள் நுழைந்தது இவர்கள் பேசின பேச்சு வழியாக. துணைப் பாத்திரத்தில்தான் ஊர் இருக்கிறது என்று தமிழ் சினிமாவுக்கே காட்டின இயக்குநர், நம் ஊருக்கு வந்தபோது அதே கலையரசனையும் ரித்விகாவையும் கூட்டிவந்து மலேசியத் தமிழர் ஆக்கினார். நடுநடுவே இரண்டு மலாய்ச் சொல்லைப் போட்டுக்கொண்டால் மலேசியத் தமிழ் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள். இங்கே பிறந்த காது அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். இன்னொன்றும் உண்டு. மலேசியத் திரையரங்குகளில் காட்டிய பிரதியில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டதாக ஒரு வரியைச் சேர்த்து முடிவை வேறாக்கினார்கள். நம் நாட்டுத் தணிக்கைக்காகக் கிளைமாக்ஸையே மாற்ற முடிகிறது. நம் நாட்டு நடிகருக்காக ஒரு பாத்திரத்தை மாற்ற முடியவில்லை.

ரஞ்சித்தை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் வியாபாரப் படம் எடுக்க வந்தவர். தாணுவின் பணம், ரஜினியின் பெயர், தெரிந்த முகங்களின் பாதுகாப்பு, அவர் கணக்கு அவருக்கு. நம் கணக்கு என்ன? நம்ம நடிகர் எங்கே என்று நாம் அன்றைக்குக் கேட்டோமா? "நம்ம கதையை ரஜினி நடிச்சிருக்காரு" என்ற கிறுகிறுப்பிலேயே வாரக்கணக்கில் கிடந்தோம். கேட்டிருந்தாலும், யாரைப் போடுவது என்று அவர் திருப்பிக் கேட்டால் சொல்ல நம்மிடம் பட்டியல் இருந்ததா? "அப்பாவா வருவாரே, அவரு" என்று நாம் சொன்னால் எந்த இயக்குநர் அவரைத் தேடிப் பிடிப்பார்?

அதே வருடம், 'கபாலி' வந்து இரண்டு மாதத்துக்குள், 28-ஆவது மலேசியத் திரைப்பட விழா நடந்தது. முதலில் மொழியை வைத்துப் படங்களைப் பிரித்தார்கள். 70 விழுக்காடு மலாய் பேசாத படம் ஒரு பக்கம், பேசுகிற படம் ஒரு பக்கம். பெரிய சர்ச்சை ஆனது. மலாய்த் திரைத்துறைக்காரர்களே எதிர்த்தார்கள். கடைசியில் 'சிறந்த மலேசியத் திரைப்படம்' விருது ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 2015 டிசம்பரில் வெளியான படம்.

அந்த வெற்றியைப் பற்றி நிறைய எழுதினார்கள். மொழி உரிமை, தேசிய சினிமா, இயக்குநரின் பல வருடப் போராட்டம் என்று எல்லாம் சரியாகத்தான் எழுதினார்கள். நடிப்பைப் பற்றி? 'ஜகாட்'டில் வழக்கமான அர்த்தத்தில் நாயகனே இல்லை என்பதை யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா? நடுவில் நிற்பது 12 வயதுப் பையன் அப்போய், நடித்தவர் ஹர்விந்த் ராஜ். அவனைச் சுற்றி அப்பாவும் சித்தப்பன்மாரும். அப்பா மணியமாக குபேன் மகாதேவன். மெக்சிகோவாக ஜிப்ராயில் ராஜூலா. பாலாவாக செந்தில் குமரன் முனியாண்டி. தோட்டம் உடைந்து நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட 90-களின் குடும்பம். அந்தச் சமூகத்தின் மூன்று விதமான தோல்விகளை இந்தப் பெரியவர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிச் சுமக்கிறார்கள். படம் முழுக்கவே துணை நடிகர்களின் படம். அதனால்தான் அதில் ஊர் அவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது. தலைப்பே 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் உருண்டு மாறின வடிவம்தானே.

மணியத்தைப் பாருங்கள். மகன் படித்தே ஆக வேண்டும் என்று அடிக்கிற அப்பா. இந்தப் பாத்திரத்தைத் தமிழ் சினிமா ஆயிரம் முறை எழுதியிருக்கிறது. கண்ணைச் சிவக்க வைத்துக் கத்தினால் முடிந்தது, இல்லை கடைசியில் ஒரு மூச்சு அழுதால் முடிந்தது. குபேன் மகாதேவன் இரண்டையும் நம்பி நிற்கவில்லை. அவர் அடிப்பதில் கோபத்தைவிடப் பயம் அதிகம் தெரிகிறது. தம்பிமார் போன வழியில் மகனும் போய்விடுவான் என்ற பயம். அதைச் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை, கைதான் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அந்த அப்பாவைத் தெரியும்! படம் முடிந்து வெளியே வந்தவர்கள் "எங்கப்பா மாதிரியே இருந்துச்சு" என்றார்கள். "எங்கப்பா மாதிரி" என்று தோன்ற வைத்தவரின் பெயரைத் தெரிந்துகொள்ள ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? 'மாதிரி' தானாக முளைத்துவிடாது. ஒருவர் உட்கார்ந்து கட்டினார்.

இன்னொரு உதாரணம், தமிழ்ப் படம் அல்லாத படத்திலிருந்து. யாஸ்மின் அகமதின் 'டேலன்டைம்', 2009. அதில் காது கேளாத தமிழ்ப் பையன் மகேஷின் அம்மாவாக வருபவர் மேடை நாடகத்திலிருந்து வந்த சுகன்யா வேணுகோபால். உடன்பிறந்தவனைப் பறிகொடுத்த துக்கமும், மகன் மலாய்ப் பெண்ணை விரும்புகிறான் என்ற கோபமும் ஒன்றாகக் கலந்து வெளியே வருகிறது. அந்தக் கோபம் நியாயமில்லை என்று படத்துக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாவை வில்லியாக்கிவிட முடியாதபடி சுகன்யா நடித்திருக்கிறார். மலாய்ப் படத்தில் தமிழர் என்றால் தலையாட்டிக் கோமாளி என்றிருந்த பழக்கத்துக்கு நடுவே இப்படி ஒரு அம்மா. மலாய், சீன ரசிகர்கள் அந்தப் படத்தை இன்றும் கொண்டாடுகிறார்கள். நம்ம ஆட்களில் எத்தனை பேர் அந்த நடிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறோம்?

மலாய்க்காரர்களைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம். 1957-இல் வந்த 'பூஜாங் லாப்போக்' படத்தில் பி. ரம்லிதான் நட்சத்திரம், இயக்குநரும் அவரே. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அசிஸ் சத்தார், எஸ். ஷம்சுதீன். இன்றைக்கு ஒரு மலாய்க்காரப் பையனை நிறுத்திக் கேளுங்கள், மூன்று பெயரையும் சொல்வான். அந்தப் படங்கள் எடுத்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், பேசினார்கள், எழுதினார்கள், சிரிப்பு வசனங்களைப் பேச்சுமொழியாகவே ஆக்கிக்கொண்டார்கள். நடிகனாகப் போகிற மூன்று பேரின் பாடுகளை வைத்தே 1961-இல் 'செனிமான் பூஜாங் லாப்போக்' வந்தது. ரம்லியின் நிழல் அவ்வளவு பெரியதாக இருந்தும் மற்ற இருவரும் அதில் காணாமல் போகவில்லை. நினைவு வைத்துக்கொள்வது என்பது ஒரு வேலை. அதை அவர்கள் செய்தார்கள்.

நாமும் செய்திருக்கிறோம், வேறொரு துறையில். அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். தமிழ்நாட்டுப் பெரிய எழுத்தாளர் நம்மைப் பற்றி எழுதிவிட்டார், போதும் என்று நம் எழுத்தாளர்கள் பேனாவை மூடி வைத்துவிடவில்லை. அ. ரெங்கசாமி சயாம் மரண ரயிலைப் பற்றி 'நினைவுச் சின்னம்' எழுதினார், 'லங்காட் நதிக்கரை' எழுதினார். விருந்தாளி எழுதுவது வேறு, வீட்டுக்காரர் எழுதுவது வேறு என்று இலக்கியத்தில் நமக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு சினிமாவில் மட்டும் ஏன் மங்கிப்போகிறது? 'கபாலி' நம் 'பால்மரக் காட்டினிலே'. நல்லது, வந்தார்கள், எடுத்தார்கள், நன்றி. நம் வீட்டுக்காரர்களின் கணக்கைத் தனியாக எழுத வேண்டாமா?

இனி வழக்கமான மறுப்புகள். "நம்ம இண்டஸ்ட்ரி சின்னது, நாயகனுக்கே மார்க்கெட் இல்லை, இதுல துணை நடிகருக்கு எங்க போறது?" சின்ன இண்டஸ்ட்ரி என்பதால்தான் சொல்கிறேன். சென்னையில் ஒரு பாலையா போனால் இன்னொருவர் வருவார், கூட்டம் பெரியது. இங்கே பகலில் ஆசிரியராகவோ, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகவோ, கிராப் ஓட்டியோ பிழைத்துக்கொண்டு, கல்யாண மேடையில் மைக் பிடித்துக்கொண்டு, கிடைக்கிற லீவில் ஷூட்டிங் போகிறவர்கள்தான் நம் துணை நடிகர்கள். பணம் பெரிதாகக் கிடையாது. பெயரும் கிடையாது என்றால் அவர் எதற்காகத் தொடர வேண்டும்? நாற்பது வயதில், நடிப்பு கனிகிற சமயத்தில், "போதும்ப்பா" என்று விட்டுவிடுவார். அப்புறம் அடுத்த படத்தில் அப்பா வேஷத்துக்கு ஆளே கிடைக்காது. முப்பது வயதுப் பையனுக்கு நரை மை தடவி நிறுத்துவார்கள். நாமும் "உள்ளூர்ப் படம்னாலே இப்படித்தான்" என்று சலித்துக்கொள்வோம். சலிப்புக்கு நாமே விதை போட்டதை மறந்துவிடுவோம்.

இன்னொன்று: "அவங்க நடிப்பும் சுமாராத்தானே இருக்கு, எதுக்குப் புகழணும்?" யார் புகழச் சொன்னது? எழுதச் சொல்கிறேன். மோசமாக நடித்தால் மோசம் என்று பெயரைச் சொல்லி எழுதுங்கள். வசனத்தை மேடையில் ஒப்பிப்பதுபோல் பேசுகிறார், வானொலி நாடகக் குரலை விட முடியவில்லை, எதிராளி பேசும்போது கேட்காமல் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார் என்று எழுதுங்கள். இந்தக் குறைகள் நம் படங்களில் நிறையவே இருக்கின்றன. உள்ளூர் கலைஞர் என்பதால் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிற 'ஆதரவு' இருக்கிறதே, அதைவிட அவமானம் ஒன்றில்லை. அது அவரை நடிகராகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். திட்டுவதற்காவது ஒருவரைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆக, நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. விருது வேண்டாம், நிதி வேண்டாம், அமைச்சரிடம் மனு வேண்டாம். படம் எடுக்கிறவர்களுக்கு: கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் நடிகரின் பெயருக்கு எதிரே பாத்திரத்தின் பெயரைப் போடுங்கள், படிக்கிற வேகத்தில் ஓட்டுங்கள். வெறும் முப்பது பெயரை வரிசையாக அடுக்கினால் எந்தப் பெயர் எந்த முகம் என்று யாருக்குத் தெரியும்? எழுதுகிறவர்களுக்கு: உள்ளூர்ப் படமோ டெலிமூவியோ, எதைப் பற்றி எழுதினாலும் இரண்டாம் வரிசையில் நின்ற ஒருவரையாவது பெயர் சொல்லி, அவர் எந்தக் காட்சியில் என்ன செய்தார் என்று நான்கு வரி எழுதாமல் கட்டுரையை முடிக்காதீர்கள். கதைச் சுருக்கத்தை வெட்டினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். படிக்கிற உங்களுக்கு: உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, ஆர்.டி.எம். நாடகக் காலத்திலிருந்து நடித்து இப்போது ஓய்ந்துபோன ஒருவர் இருக்கலாம். கிள்ளானிலும் செந்தூலிலும் பூச்சோங்கிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு இரண்டு மணிநேரம் உட்கார்ந்து கேளுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, ஒத்திகை எப்படி நடந்தது, எந்த இயக்குநர் திட்டினார், எந்த வசனம் வாயில் வராமல் படுத்தியது. அவர்கள் போய்விட்டபின் இரங்கல் எழுத நிறைய பேர் வருவார்கள். அந்த இரங்கலில் போடவே தகவல் இருக்காது.

ரவிச்சந்திரனை நம்ம ஊரு ஆளு என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்குச் சந்தோஷம். ஆனால் அடுத்த தடவை சொல்லும்போது 1964-ஐ விட்டுவிட்டு 1986-ஐச் சொல்லுங்கள். நாயகன் வேஷம் கழன்றபிறகும் இருபத்தைந்து வருடம் தாக்குப்பிடித்த நடிகர் என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு, இங்கேயே பிறந்து, எங்கேயும் போகாமல், இங்கேயே அப்பாவாக நடித்துக்கொண்டிருக்கிற ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஞாபகத்துக்கு வரவில்லையா? தேடிக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.